வடமலை வானும் பெங்களூர் விமானங்களும்

பெங்களூர் நகரத்தின் கிழக்கே பழைய விமான நிலையச் சாலையில் செல்லும் நேயர்கள் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் மதிலைப் பலமுறை கடந்திருப்பார்கள். அங்கே நிலம் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. காற்று இதமானது. பனி பெய்வது கிடையாது. கோடை இடியும் வடகிழக்குப் பருவ மழையும் தவிர, பறப்பவனை அச்சுறுத்தக்கூடியவை அந்த வானில் அதிகம் இல்லை. இத்தகைய சாதுவான வானத்தின் கீழ் வடிவெடுத்த சிறு விமானங்களும் ஹெலிகாப்டர்களும், ஈராயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், உலகத்திலேயே மிகக் கொடிய வானங்களுள் ஒன்றில் தொழில் புரிய நேர்ந்தது. அந்த வரலாற்றைச் சொல்பவர்கள் இத்தனை அடி உயரம் ஏறினார்கள், இத்தனை டன் சுமந்தார்கள் என்று கணக்குக் கூறுவதே வழக்கம். நாம் இங்கே பேச எடுத்துக்கொள்வது வேறொரு கணக்கு. விமானம் ஆயத்தமாக நின்றும், விமானி ஆயத்தமாக நின்றும், வானம் இடம் கொடாமையால் பறக்காமற் போன நாட்களின் கணக்கு அது.

வானிலையால் பயணம் தாமதமாவது பெங்களூர் மக்களுக்குப் புதிதன்று. 2008ஆம் ஆண்டு மே மாதம் தேவனஹள்ளியில் திறக்கப்பட்ட புதிய விமான நிலையம் நந்தி மலைக்கு அண்மையில் இருப்பது. மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் அங்கே மூடுபனி இறங்கும். விமானங்கள் வரிசையாக நிற்கும். ஆயினும் கதிரவன் சற்று ஏறியதும் அது கலைந்துவிடும். மூடுபனியிலும் இறங்கவல்ல உயர்தர வழிகாட்டும் கருவிகளும் 2020ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே ஒரு ஓடுபாதைக்கு வந்து சேர்ந்தன. பயணிகள் இரண்டாவது காப்பியை முடிப்பதற்குள் அழைப்பு வந்துவிடுகிறது. இமயத்தில் தாமதம் என்ற சொல்லுக்கு வேறு பொருள். அங்கே அது நாட்களால் அளக்கப்படுவது. சில வேளை வாரங்களால் அளக்கப்படுவது.

சமவெளியில் பறந்தவர்கள் காலந்தவறாமையைத் தங்கள் புகழாகக் கொண்டார்கள். 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் பைகளுடன் ஒற்றை இயந்திர விமானத்தை ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அப்பைகளைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோனார். பெல்லாரி அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. இன்று கர்நாடகத்தில் உள்ளது. மழைக்காலத்தில் பம்பாயின் ஜுஹு மைதானம் நீரில் மூழ்கிவிடும். அப்போது அந்தச் சிறு நிறுவனம் தன் விமானங்களையும் ஆட்களையும் பூனாவுக்குப் பெயர்த்துக்கொண்டு போய் வேலையை நடத்தியது. மேற்கு மலைத் தொடரின் மீது அடைமழை பெய்த மாதங்களிலும் முதல் ஆண்டு முழுவதும் அஞ்சல் குறித்த வேளையில் சேர்ந்ததாக விமானத் துறையின் அறிக்கை பாராட்டிற்று. பாராட்டுக்குரிய செய்திதான். ஆனால் இதே பெருமையை இமயத்தில் நாடியிருந்தால் அது வீரமாக இராது, தற்கொலையாகவே முடிந்திருக்கும்.

காரணங்களைச் சற்றே பார்ப்போம். நம் நீலகிரியில் குன்னூர்ப் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் மேலேறி வருவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஈரக் காற்று மலைச்சரிவில் மோதி ஏறும்போது குளிர்கிறது, குளிர்ந்தவுடன் மேகமாகிறது. ஆகவே மலை தன் மேகத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது எனலாம். இமயத்திலும் காரகோரத்திலும் இதனோடு வேறு சிலவும் சேர்கின்றன. குளிர்காலத்தில் மத்திய தரைக்கடற் பக்கத்தில் தோன்றும் காற்றுச் சுழற்சிகள் ஈரானையும் ஆப்கானிஸ்தானத்தையும் கடந்து வந்து காஷ்மீரத்திலும் லடாக்கிலும் பனியைக் கொட்டுகின்றன. வானம் தெளிந்த நாளிலும் நிம்மதி இல்லை. வெயில் ஏற ஏறப் பாறைகள் சூடேறுகின்றன. நண்பகலுக்குப் பின் பள்ளத்தாக்குகளில் பலத்த காற்று எழுகிறது. ஏறத்தாழ 18,000 அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதிதான். இறக்கைக்கும் சுழலிக்கும் பற்றிக்கொள்ளப் போதிய காற்று இல்லை. இயந்திரத்திற்கு மூச்சு விடவும் போதிய காற்று இல்லை. வெயிலால் அந்த மெல்லிய காற்று மேலும் மெலிகிறது. ஆகவேதான் லே நகரத்து விமானப் போக்குவரத்து நெடுங்காலமாகக் காலை வேளையையே நம்பி நடந்து வந்திருக்கிறது. காலை வேளை கைநழுவினால் அன்றைய நாளே கைநழுவினாற்போலத்தான்.

பெங்களூருக்கும் இந்த வடமலை வானுக்கும் உறவு ஏற்பட்டது இரண்டாம் உலகப் போரின்போது. 1940ஆம் ஆண்டு டிசம்பரில் தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் இங்கே விமானத் தொழிற்சாலையைத் தொடங்கினார். திவான் சர் மிர்சா இஸ்மாயிலின் காலத்து மைசூர் சமஸ்தானம் நிலமும் மூலதனமும் தந்து துணை நின்றது. போர் முற்றியதும் 1943இல் தொழிற்சாலை அமெரிக்க விமானப் படையின் பழுதுபார்க்கும் நிலையமாயிற்று. கடல் விமானங்கள் பெல்லந்தூர் ஏரியில் வந்து இறங்கின என்றால் இன்றைய பெங்களூர்வாசிகள் வியப்படைவார்கள். அதே காலத்தில் அஸ்ஸாமிலிருந்து மலைகளைத் தாண்டிச் சீனாவுக்குப் போர்ப் பண்டங்கள் பறந்துகொண்டிருந்தன. ஏறத்தாழ 6½ லட்சம் டன் சரக்கு அவ்வழியே சென்றது. சுமார் 600 விமானங்கள் மடிந்தன. எதிரியின் துப்பாக்கியைவிட அவ்விமானிகள் அஞ்சியது மேகத்தையும், இறக்கையில் உறையும் பனிக்கட்டியையும், திடீரெனக் கீழே தள்ளும் காற்றையுமே. போரின் அவசரம் காத்திருக்க விடவில்லை. காத்திராததன் விலை அந்த 600 என்ற எண்ணிக்கையில் பெரும்பங்கு என்று கருத இடமுண்டு.

சுதந்திரத்திற்குப் பின் 1948இல் லே நகரம் முற்றுகை அபாயத்தில் இருந்தது. சோனம் நோர்பு என்ற லடாக்கியப் பொறியாளர் உள்ளூர் மக்களைக் கொண்டு சில வாரங்களில் மணற்பாங்கான தரையில் ஓடுபாதை ஒன்று அமைத்தார். மே 24ஆம் நாள் ஏர் கமடோர் மேஹர் சிங் தமது டகோட்டா விமானத்தை அங்கே இறக்கினார். உடன் சென்றவர் குடகு நாட்டவரான ஜெனரல் திம்மய்யா. அவர் பெங்களூரில் கல்வி பயின்றவர். உள்ளே காற்றழுத்தம் காக்கும் ஏற்பாடு எதுவும் இல்லாத விமானம் அது. நம்பத்தகுந்த நிலப்படமோ வானிலைக் குறிப்போ இல்லாத வழியும் அது. அத்துணிவை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஆனால் ஒருமுறை இறங்குவது ஒரு செயல். நாள்தோறும் போய்வருவது வேறு செயல். இரண்டாவதற்குத் துணிவு மட்டும் போதாது.

வடகிழக்கு எல்லையில் இது இன்னும் தெளிவாயிற்று. அங்கே மலைக் கிராமங்களுக்கும் காவல் நிலைகளுக்கும் சாலை இல்லாத காலத்தில் அரிசியும் உப்பும் மண்ணெண்ணெயும் வானத்திலிருந்துதான் இறங்கின. 1950களின் இறுதியில் நம் விமானப் படை அப்பணிக்காக ‘ஆட்டர்’ என்னும் ஒற்றை இயந்திர விமானங்களை வாங்கிற்று. அவை கனடாவின் வடக்கே மனித வாசம் அருகிய காடுகளுக்காகவும் ஏரிகளுக்காகவும் செய்யப்பட்டவை. கோடையில் மிதவைகளோடு நீரில் இறங்கும். குளிர்காலத்தில் சறுக்குக் கட்டைகளோடு உறைந்த ஏரியில் இறங்கும். ஏரி உறையத் தொடங்கும் இலையுதிர் காலத்திலும், உருகத் தொடங்கும் வசந்தத்திலும் இரண்டு விதமாகவும் இறங்க இயலாது. அந்த வாரங்களில் வடகாட்டு விமானி சும்மா இருப்பான். அவனை எதிர்நோக்கும் குடியிருப்பும் அதை அறிந்தே பண்டங்களைச் சேர்த்து வைத்திருக்கும். காத்திருப்பை ஓர் ஒழுங்காகவே அமைத்துக்கொண்ட நாடு அது. நம் நாட்டிலோ எல்லை நெருக்கடியினால் அத்தகைய ஒழுங்கு மெல்ல மெல்லத்தான் உருவாயிற்று.

பெங்களூர் தொழிற்சாலை அக்காலத்தில் தன் சொந்தச் சிறு விமானங்களைச் செய்யத் தொடங்கியிருந்தது. வி. எம். காட்கேயின் தலைமையில் உருவான பயிற்சி விமானமான எச்.டி.–2, 1951ஆம் ஆண்டு ஆகஸ்டில் முதன்முதல் பறந்தது. 1958இல் ‘புஷ்பக்’ வந்தது. அதனைத் தொடர்ந்து ‘கிருஷக்’ வந்தது. கிருஷக் 1960களின் நடுவில் பீரங்கிப் படைக்கு வானிலிருந்து குறி பார்த்துச் சொல்லும் வேலையை ஏற்றது. எளிய, நல்ல விமானங்கள். ஆனால் பனிமலைக்கு இவை போதா. அங்கே ஓடுபாதை வேண்டாத ஊர்தி தேவைப்பட்டது.

நம் படைகளின் தேவையை முன்வைத்தே பிரெஞ்சுப் பொறியாளர்கள் 1968ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ‘லாமா’ என்னும் ஹெலிகாப்டரை உருவாக்கத் தொடங்கினார்கள். பழைய மாதிரி ஒன்றின் இலேசான உடலை எடுத்து, வேறொன்றின் வலிய இயந்திரத்தை அதில் பொருத்தினார்கள். இதன் பெருமை இந்த எளிய கணக்கில் அடங்கியிருக்கிறது. 1969ஆம் ஆண்டு மார்ச்சில் அது பறந்தது. அவ்வாண்டே இமயத்தில் நடந்த செயல்விளக்கத்தில் 7,500 மீட்டர் உயரத்தில் இறங்கி மீண்டும் எழுந்தது. 1972ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் ஜான் புலே என்ற விமானி இதில் 12,442 மீட்டர் உயரம் ஏறினார். ஏறிய உச்சியில் இயந்திரம் அணைந்துவிட, சுழலி காற்றில் தானே சுழல, அப்படியே தரை வரை இறங்கி வந்து சேர்ந்தார். பெங்களூரில் இதைச் செய்வதற்கு 1970இல் உடன்படிக்கை ஏற்பட்டது. 1972இல் இங்கே பொருத்தப்பட்ட முதல் ஊர்தி பறந்தது. நம் நாட்டில் இதற்கு வைத்த பெயர் ‘சீட்டா’. முன்னமே இங்கே செய்யப்பட்டு வந்த ‘சேத்தக்’ இதற்கு மூத்தது.

இவ்விரு ஊர்திகளும் வடமலையில் எப்படிப் பயன்பட்டன என்பதற்கு 1984ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாளின் செய்தியைக் காட்டிலும் சிறந்த சான்று இல்லை. அன்று விடியற்காலையில் சியாச்சின் பனியாற்றின் மேற்பக்கத்துக் கணவாயான பிலாஃபோண்ட் லாவுக்குச் சீட்டா ஹெலிகாப்டர்கள் வீரர்களை ஏற்றிச் சென்றன. கேப்டன் சஞ்சய் குல்கர்னி முதலில் இறங்கினார். ஒரு தடவைக்கு ஓரிருவருக்கு மேல் ஏற்ற இயலாது. நண்பகலுக்குள் 17 தடவை போய்வந்து 29 பேரை இறக்கினார்கள். உடனே வானம் மூடிக்கொண்டது. பனிப்புயல் வீசிற்று. கணவாயில் இருந்தவர்களுக்கும் கீழே தலைமையிடத்திற்கும் தொடர்பு அறுந்தது. மூன்று நாட்கள் அந்த நிலை நீடித்தது. ஏப்ரல் 17ஆம் நாள் வானம் திறந்தது. அன்று ஒரே நாளில் ஐந்து சீட்டாக்களும் இரண்டு பெரிய ஹெலிகாப்டர்களும் 32 தடவை பறந்து சியா லா என்ற அடுத்த கணவாயில் ஆட்களை இறக்கின. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள மூன்று நாட்களைத்தான் நேயர்கள் கவனிக்க வேண்டும். கீழே நின்றவர்களிடம் ஊர்தி இருந்தது, எரிபொருள் இருந்தது, விமானி இருந்தான். மேலே 29 பேர் பனியில் இருந்தார்கள். நடுவில் இருந்தது மேகம் ஒன்றே.

அன்று முதல் சியாச்சின் நிலைகளின் வாழ்வு இந்தச் சிறு ஊர்திகளை நம்பியது. மிக உயர்ந்த நிலைகளுக்குச் சீட்டா தூக்கிச் செல்லும் சுமை மிகச் சொற்பம். ஒன்றிரண்டு மண்ணெண்ணெய்க் கலன்களோடு அதன் வலிமை தீர்ந்துவிடும். அந்த மண்ணெண்ணெய் அங்கே ஆடம்பரமன்று. பனியை உருக்கினால்தான் குடிக்க நீர் உண்டு. எனவே வானம் திறந்திருக்கும் காலை வேளையில் எத்தனை நடை செல்ல முடியுமோ அத்தனை நடை சென்று, அடைபட்ட நாட்களுக்கும் சேர்த்துக் குவித்து வைக்க வேண்டும். நம் பாட்டிமார் மழைக்காலத்துக்கு முன் விறகு அடுக்குவதைப் போன்ற முன்யோசனை இது. நோயுற்றவனைக் கீழே இறக்குவதற்கோ முன்கூட்டிச் சேர்த்து வைத்தல் என்பது கிடையாது. உயரத்தில் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டவனுக்கு மருந்துகளுள் தலையாயது தாழ்வான இடம். அந்த மருந்து ஹெலிகாப்டரின் வடிவில்தான் வர வேண்டும். ஹெலிகாப்டர் வானம் விட்ட வழியில்தான் வர வேண்டும். சியாச்சினில் குண்டுக்கு இரையானோரைவிடக் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் இரையானோரே அதிகம் என்பது பலரும் அறிந்தது.

2016ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் இருந்த நிலை ஒன்றைப் பனிச்சரிவு புதைத்தது. புதைந்த பத்துப் பேரும் மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர்கள். தமிழ்நாடு, கர்நாடகம் முதலிய மாநிலங்களிலிருந்து சென்றவர்கள். மீட்புக் கருவிகளை ஹெலிகாப்டர்கள் சிறுகச் சிறுகத்தான் மேலே கொண்டுசெல்ல முடிந்தது. ஆறாம் நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் உயிருடன் கண்டெடுக்கப்பட்டார். அவர் தார்வாட் மாவட்டத்தைச் சேர்ந்தவர். தில்லி மருத்துவமனையில் பிப்ரவரி 11ஆம் நாள் அவர் காலமானார். மற்ற ஒன்பது பேரின் உடல்களைக் கீழே கொண்டுவரவும் வானிலை சில நாட்கள் இடம் கொடுக்கவில்லை. ஊர்களில் உற்றார் காத்திருந்தார்கள். சிறு விமானத்தின் தாமதம் என்பது விமானிக்கும் பயணிக்கும் இடையிலான செய்தி மட்டுமன்று என்பதை அந்த நாட்களில் தென்னாடு உணர்ந்தது.

இத்தகைய நெருக்கத்தில் “இன்று பறக்க இயலாது” என்று சொல்வது எளிதா? மேலே ஒருவன் மூச்சுத் திணறுகிறான் என்ற செய்தி வந்த பின்னும் அப்படிச் சொல்ல வேண்டிய கடமை விமானியின் தலையில் விழுகிறது. பறந்து சென்றவனுக்குப் பதக்கம் உண்டு. பறக்காமல் இருந்து ஊர்தியையும் ஆட்களையும் காத்தவனுக்கு அப்படி ஒன்றும் இல்லை. இது ஒரு குறைபாடு என்றே நாம் கருதுகிறோம். மலை மேகத்தினுள் புகுந்தவனுக்கு மேலெது கீழெது என்ற உணர்வே தடுமாறும். 2021ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் சூலூரிலிருந்து வெலிங்டனுக்குச் சென்ற ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்து, ஜெனரல் விபின் ராவத் உள்ளிட்டோர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. பள்ளத்தாக்கில் எதிர்பாராது மாறிய வானிலையால் அது மேகத்தினுள் புகுந்தது என்றும், விமானிக்குத் திசையுணர்வு தப்பியது என்றும் விசாரணைக் குழு 2022இல் கூறிற்று. அவ்விபத்தில் உயிர் தப்பியிருந்த குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரத்திற்குப் பின் பெங்களூர் மருத்துவமனையில் மறைந்தார்.

திரும்பிவிடுவதும் எப்போதும் காப்பாற்றிவிடுவதில்லை. 1968ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் சண்டிகரிலிருந்து லேக்குச் சென்ற ஏ.என்.–12 விமானத்தின் தலைவர், வழியில் வானிலை கெட்டதைக் கண்டு திரும்ப முடிவு செய்தார். சரியான முடிவு. ஆயினும் ரோதங் கணவாய்ப் பகுதியில் 102 பேருடன் விமானம் மறைந்தது. அது சிறு விமானமன்று. எனினும் வானம் அதே வானம். 2003இல்தான் மலையேறும் குழு ஒன்று அதன் சிதைவுகளைக் கண்டது. பனி சற்றே இளகும் சில வாரங்களில் மட்டுமே தேட முடியும் இடம் அது. 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் மேலும் நால்வரின் உடல்கள் கிடைத்தன. 56 ஆண்டுகளுக்குப் பின் அவை தத்தம் ஊர்களுக்குச் சென்றன.

பெங்களூரில் வேலை நிற்கவில்லை. 1992ஆம் ஆண்டு ஆகஸ்டில் ‘துருவ்’ பறந்தது. உயரத்திற்கேற்ற ‘சக்தி’ என்னும் இயந்திரம் பின்னர் அதற்கு வாய்த்தது. சேத்தக்குக்கும் சீட்டாவுக்கும் மாற்றாக வடிவமைத்த இலேசான ஹெலிகாப்டர் 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் முதன்முதல் எழுந்தது. 2019இல் அது பெங்களூரிலிருந்து லேக்குத் தானே பறந்து சென்றது; 3,000 கிலோமீட்டர் தொலைவைக் கடக்க மூன்று நாட்கள் ஆயின. அங்கிருந்து 5,000 மீட்டர் உயரத்திலுள்ள தௌலத் பேக் ஓல்டியிலும் இறங்கிச் சோதித்தார்கள். மெல்லிய காற்றில் எவ்வளவு சுமக்கும் என்ற வினாவிற்குப் பொறியாளர்கள் இவ்வாறு படிப்படியாக விடை கண்டு வருகிறார்கள். மேகத்தை விலக்கும் இயந்திரம் எதுவும் அவர்களிடம் இல்லை. எனவே வானம் திறக்கும் வேளையை வீணாக்காத இயந்திரத்தைச் செய்கிறார்கள். லேயில் நடந்த குளிர்காலச் சோதனைகளுள் ஒன்று, இரவு முழுதும் உறைபனியில் வெளியே நின்ற ஹெலிகாப்டரை விடியற்காலையில் அதன் சொந்த மின்கலத்தைக் கொண்டே கிளப்பிப் பார்ப்பதாகும். வெயில் ஏறிக் காற்று எழுவதற்குள் புறப்பட்டாக வேண்டுமே!